ஒரு கீபோர்டுக்கு இரண்டு காவலாளிகள்

எனக்கு எந்த வேலையையும் ஒரு தடவை செய்தால் செய்த மாதிரியே இருக்காது. கேஸை மூடினோமா என்று பார்ப்பதற்காக காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை போன ஆட்டோவைத் திரும்ப வீட்டுக்கு விடச் சொன்னவள் நான். (மூடித்தான் இருந்தது. திருப்திக்காக ஒருமுறை திறந்து மூடினேன். பாலத்தில் ஏறும்போது அந்த இரண்டாவது மூடலின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.) குழந்தைக்கு உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வைப்பேன். பிறகு தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறதா என்று எனக்கு வைத்துப் பார்ப்பேன். அப்படியும் மனசு கேட்காமல் கணவருக்கும் வைப்பேன். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், வாயில் தெர்மாமீட்டரோடு ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார் அவர்.

இதெல்லாம் வீட்டோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த புத்தியை அப்படியே ஒரு கம்ப்யூட்டருக்குள் ஏற்றிவிட்டு, அதையும் கூட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனேன் பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் யாழினி பிறந்ததும் "கொஞ்ச நாளைக்கு" என்று வேலையை விட்டேன். அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் அவள் எல்.கே.ஜி. சேர்ந்துவிட்டாள். ஸ்கூல் கேட்டில் நான் யாழினி அம்மா. எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேனுக்கு யாழினி அம்மா. தண்ணீர் கேன் போடுகிறவர் போனிலும் நான் யாழினி அம்மா. ஹேமா என்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பேங்க்கிலிருந்து வரும் மெசேஜ் மட்டும்தான் என்றாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆன்லைனில் வகுப்பு நடத்தும் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. பள்ளிக்குப் போகாமல் தனியாக ப்ளஸ் டூ எழுதும் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க வேண்டும். தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். வேலை வீட்டிலிருந்தே. யாழினி ஸ்கூலில் இருக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். இதைவிட்டால் இந்த ஜென்மத்தில் எனக்கு வேலை கிடையாது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். விண்ணப்பம் போட்டேன், கூப்பிட்டார்கள். அரை மணி நேரம் ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்றார்கள்.

பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கீபோர்டுதான் படுத்தியது. திரையில் ஒரு பக்கம் புரோகிராமை இங்கிலீஷில் அடிக்க வேண்டும். இன்னொரு பக்கம் அதற்கு விளக்கத்தைத் தமிழில் அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பக்கம் மாறும்போது கீபோர்டின் மொழியையும் மாற்ற வேண்டும். நான் மறந்துவிடுவேன். ஒத்திகை பார்த்தபோது புரோகிராம் முழுக்கச் சுத்தத் தமிழில் வந்து நின்றது. விளக்கம் எந்த நாட்டு மொழி என்றே தெரியவில்லை.

சரி, படித்த படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஸ்கிரிப்ட் என்றால் பெரிய சமாச்சாரமில்லை. கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கிற சின்ன உத்தரவு. அரை நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார். எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறது? விளக்கம் எழுதும் ஜன்னல் என்றால் கீபோர்டு தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால் நீயே மாற்று. வேறு எந்த ஜன்னலாக இருந்தாலும் இங்கிலீஷுக்கு மாற்று. அவ்வளவுதான். எழுதி ஓடவிட்டேன். அருமையாக வேலை செய்தது.

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் எழுந்து போய் ஒரு காபி போட்டிருப்பார்கள்.

எனக்கு முதல் சந்தேகம் வந்தது: இதை ஓடவிடவே மறந்துவிட்டால்? லேப்டாப்பை ஆன் செய்ததும் தானாகக் கிளம்பும்படி அதற்கென்று இருக்கிற இடத்தில் ஒரு நகலைப் போட்டு வைத்தேன். இரண்டாவது சந்தேகம்: மொழி மாறியது எனக்கு எப்படித் தெரியும்? திரை ஓரத்தில் சின்னதாக எழுத்து மாறும், ஆனால் பதற்றத்தில் என் கண் அங்கே போகாது. அதனால் மாறும்போதெல்லாம் ஒரு குரல் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். முதலில் என் குரலையே பதிந்தேன். கேட்டால், ரயில் தாமதமாக வருவதற்கு வருந்துகிறோம் என்கிற மாதிரியே இருந்தது.

"நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்று குதித்தாள் யாழினி.

போனை வாங்கி, வாயை ஒட்டி வைத்து, "அம்மா, தமிழ்!" என்றாள். அடுத்து "அம்மா, இங்கிலீஷ்!" என்றாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் வண்டிக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டருக்கு இருக்கிற தொண்டை. "இன்னும் கொஞ்சம் மெதுவா சொல்லு கண்ணு" என்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னாள். போதும் என்று அதையே வைத்துவிட்டேன்.

மூன்றாவது சந்தேகம்தான் என்னைக் கவிழ்த்தது. வகுப்பு நடக்கும் ஜன்னலில், பிள்ளைகள் கேள்வி எழுதிக் கேட்க ஓர் இடம் இருக்குமே, அங்கே தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குத் தமிழில்தானே பதில் எழுத வேண்டும்? என் ஸ்கிரிப்டோ அங்கே இங்கிலீஷைப் பிடித்துக்கொள்ளும். பழைய ஸ்கிரிப்டைத் திருத்தியிருக்கலாம். நன்றாக ஓடுகிறதில் கை வைக்க பயம். அதனால் அதைப் பார்த்து இன்னொன்று புதிதாக எழுதி, வகுப்பு ஜன்னலிலும் தமிழ் என்று சேர்த்தேன். குரல் அதே குரல். பழையதை மூடிவிட்டுப் புதியதை ஓடவிட்டுப் பார்த்தேன். பிரமாதம்.

கணவர் திருவெறும்பூரில் ஒரு பாய்லர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து வந்தவரிடம் எல்லாவற்றையும் பெருமையாகச் செய்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க பாய்லரைக்கூட இப்படிக் காவல் காக்கறது இல்ல ஹேமா. கீபோர்டுதானே, ஒரு பட்டனைத் தட்டினா மாறப் போகுது."

"பதட்டத்துல மறந்துட்டா?"

"மறந்தா என்ன, அழிச்சுட்டு அடி."

இந்த மாதிரி மனிதர்களோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

இன்டர்வியூ அன்றைக்குப் பார்த்து ஸ்கூல் லீவு. புத்தூரிலிருந்து என் நாத்தனார் சுமதி அண்ணியை வரச் சொல்லியிருந்தேன். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்போடு உள்ளே வந்தவர், என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நான் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, செருப்பும் போட்டிருந்தேன்.

"கேமராவுல கழுத்து வரைக்கும்தானே தெரியும்? செருப்பு எதுக்கு?"

"எழுந்து நிக்கச் சொன்னா அண்ணி?"

அண்ணி மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

யாழினியிடம், "அம்மா எக்ஸாம் எழுதப் போறேன். கதவைச் சாத்திக்குவேன். அம்மான்னு கூப்பிடவே கூடாது" என்று சொன்னேன். தலையாட்டினாள். திரும்பத் திரும்பச் சொன்னேன். "கூப்பிட மாட்டேன்மா, போ" என்று அவளே சலித்துக்கொண்டாள். அறைக்குள் போனேன். லேப்டாப் புத்துணர்ச்சியோடு இருக்கட்டும் என்று ஒருமுறை அணைத்து ஆன் செய்தேன். புதிய ஸ்கிரிப்டை மறக்காமல் ஓடவிட்டேன்.

பழையது, லேப்டாப் ஆன் ஆனதும் தானாகவே எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நகலை நானே போட்டு வைத்தது எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு சார், ஒரு மேடம். சார் தேர்வாளர். மேடம் மாணவியாக நடிப்பார் என்றார்கள். என் திரையை அவர்களுக்குக் காட்டப் போகும்போது, கம்ப்யூட்டரின் சத்தத்தையும் சேர்த்துப் பகிரவா என்று ஒரு கட்டம் கேட்டது. இருக்கட்டுமே, எதற்கும் உதவும் என்று டிக் செய்தேன். லேப்டாப் ஒலியைக் குறைத்து வைத்திருந்ததால் யாழினியின் குரல் எனக்கு மட்டும் மெல்லக் கேட்கும் என்று நம்பினேன். நான் குறைத்தது என் காதுக்கு மட்டும்தான். அவர்களுக்குக் கண்டக்டர் முழுத் தொண்டையோடு போய்க்கொண்டிருந்தார்.

புரோகிராமில் இரண்டு வரி அடித்து, விளக்கப் பக்கத்துக்கு வந்தேன்.

"அம்மா, தமிழ்!"

சார் புன்னகைத்தார். "மேடம், குழந்தை கூப்பிடுது போல."

"இல்ல சார். அது... பக்கத்து வீட்டுக் குழந்தை." (ஏன் இந்தப் பொய்யைச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. குழந்தை இருக்கிறது என்றால் வேலை தரமாட்டார்களோ என்று ஒரு பயம்.)

மறுபடி புரோகிராமுக்குப் போனேன்.

"அம்மா, இங்கிலீஷ்!"

"பாவம், ஹோம்வொர்க் போல இருக்கு. போய்ப் பார்த்துட்டு வேணா வாங்க" என்றார் மேடம், மாணவி வேஷத்தைக் கலைத்து.

"பரவாயில்ல மேடம், அவங்கம்மா பார்த்துப்பாங்க."

"உங்களைத்தானே அம்மாங்குது?"

"எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும் மேடம்."

அதற்கப்புறமும் பாடம் நன்றாகத்தான் போனது. உண்மையாகவே நன்றாகப் போனது. பழைய ஹேமா எங்கிருந்தோ எழுந்து வந்து பேசிக்கொண்டிருந்தாள். சார் தலையாட்டிக் கேட்டார். அப்போது மேடம் மறுபடி மாணவியாகி, "மிஸ், நான் ஒரு டவுட் எழுதியிருக்கேன். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்க" என்றார்.

வகுப்பு ஜன்னலைத் தொட்டேன்.

இங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதுவரை இரண்டு ஸ்கிரிப்டுக்கும் சண்டை வரவில்லை. விளக்கப் பக்கம் தமிழ், புரோகிராம் பக்கம் இங்கிலீஷ் என்பதில் இரண்டுக்கும் ஒரே கருத்து. ஒன்று மாற்றியதும் இன்னொன்று சரி என்று பேசாமல் இருந்துவிடும். வகுப்பு ஜன்னலில்தான் கருத்து வேறுபாடு. புதியது, இங்கே தமிழ் என்று மாற்றியது. பழையது அரை நொடியில் எட்டிப் பார்த்து, இதென்ன அநியாயம், இங்கிலீஷ் என்று மாற்றியது. புதியது மறுபடி தமிழ். பழையது மறுபடி இங்கிலீஷ். இரண்டும் என் பெண்கள்தானே, எந்த வேலையையும் ஒரு தடவையோடு விடுமா?

"அம்மா, தமிழ்! அம்மா, இங்கிலீஷ்! அம்மா, தமிழ்! அம்மா, இங்கிலீஷ்!"

பதறிப்போய், மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 'மன்nikkaவும்' என்று போனது. அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அது இன்னும் மோசமாகப் போனது. சட்டென்று ஜன்னலை மாற்றினேன். சத்தம் நிற்கவில்லை. ஒரு அறிவிப்பு முடிந்த பிறகுதான் அடுத்தது வர வேண்டும், ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது என்று நான்தான் பொறுப்பாக எழுதியிருந்தேன். அதனால் சேர்ந்துபோன அறிவிப்புகளெல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. ஒலியை அணைக்கப் போய், அவசரத்தில் பக்கத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அது ஒலியைக் கூட்டும் பட்டன்.

இப்போது ஹாலுக்கும் கேட்டது.

"யாழினி!" என்று அண்ணியின் குரல். "அம்மாவைக் கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் கூப்பிடல அத்தை!"

"பின்ன யாரு கூப்பிடறா? உன் குரல்தானே இது?"

"ஐயோ, நான் வாயை மூடிட்டுத்தான் இருக்கேன் அத்தை! பாருங்க!"

"அம்மா, இங்கிலீஷ்!" என்றது லேப்டாப்.

"பாரு, மறுபடி!" என்றார் அண்ணி.

கதவு படீரென்று திறந்தது. கண் நிறையத் தண்ணீரோடு யாழினி ஓடி வந்தாள். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கின கோபம். குரல் வருகிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். திரைக்கு முன்னால் வந்து நின்று, விரலை நீட்டி, "ஏய்! எங்கம்மாவை நீ அம்மான்னு கூப்பிடாத!" என்றாள்.

"அம்மா, தமிழ்!"

"எங்கம்மா!"

"அம்மா, இங்கிலீஷ்!"

"எங்ங்ங்கம்மா!"

அவளுக்குப் பின்னால் சீப்பும் கையுமாக அண்ணி. "யாருடி அது உள்ள இன்னொருத்தி?" என்று திரையை எட்டிப் பார்த்தவர், சாரைப் பார்த்ததும், "வணக்கங்க, நல்லா இருக்கீங்களா?" என்றார். சார் கேமராவை அணைத்துவிட்டார். மேடம் அணைக்க மறந்து, வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். நான் லேப்டாப்பின் பவர் பட்டனை, அது உயிரை விடும்வரை அழுத்திப் பிடித்தேன்.

அமைதி. அப்புறம் என் போன் அடித்தது. சார்தான்.

"மேடம், என்ன ஆச்சு?"

"கரன்ட் போயிடுச்சு சார்."

"லேப்டாப்புக்கா?"

அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, இரண்டு ஸ்கிரிப்ட் எழுதியது, பழையதை அப்புறப்படுத்தாமல் விட்டது, வரிசையில் நிற்கும் குரல், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க மேடம். அப்ப அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தை?"

"அதுவும் எங்க வீடுதான் சார்."

போனை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நடுவில் கொஞ்ச நேரம் பழையபடி பாடம் எடுத்தேனே, அது திரும்ப வரவே வராதோ என்றுதான் அழுதேன். கொஞ்ச நேரத்தில் அண்ணி கதவைத் தட்டினார்.

"ஹேமா, டேங்க்ல தண்ணி தீந்துடும். வெளிய வந்து அழு. நான் காபி போட்டிருக்கேன்."

மறுநாளே மெயில் வந்துவிட்டது. வருந்துகிறோம் என்பதைத் தொடர்ந்து, எதிலெதில் எப்படி இருந்தேன் என்று கருத்தும் எழுதியிருந்தார்கள். பாட அறிவு நன்று. கருவிகளைக் கையாளுதல், மேம்பட வேண்டும். ஒலித் தெளிவு, மிக மிக நன்று. கணவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"கடைசி மார்க் யாழினியோடது" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நடுவுல இருக்கறதுதான் உன் மார்க். முதல்ல இருக்கறதும் உன்னோடதுதான் ஹேமா. அதைப் பார்க்க மாட்டியா?" என்றார்.

அந்த முதல் மார்க்கை நம்பித்தான் மறுபடி விண்ணப்பம் போட ஆரம்பித்தேன். சில மாதம் கழித்து, திருவானைக்காவல் பக்கம் ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். அங்கே கரும்பலகையில் எழுதிப் பாடம் எடுக்கச் சொன்னார்கள். சாக்பீஸுக்கு எந்த மொழியும் சம்மதம். எதையும் ஓடவிட வேண்டியதில்லை, மூட வேண்டியதில்லை. வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் சாயங்காலம் வரை கல்லூரி. யாழினியை ஸ்கூல் விட்டதும் காப்பகத்தில் விட வேண்டும். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? சாப்பாட்டு மேஜையில் நானும் கணவரும் அவளுக்குப் புரியாமல் பேசிக்கொள்ளத் தொடங்கினோம். "டே கேர் ஒன்லி டில் ஃபைவ்... ஷி மே க்ரை..." என்று நான் குரலைத் தாழ்த்தினேன்.

பக்கத்தில் குனிந்து யானைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அம்மா, இங்கிலீஷ்!"

கணவர்தான் முதலில் தேறினார். "சரி கண்ணு, தமிழ்லயே கேக்கறோம். அம்மா காலேஜுக்கு வேலைக்குப் போகட்டுமா? நீ சாயங்காலம் கொஞ்ச நேரம் வேற இடத்துல விளையாடணும்."

யோசித்தாள். "அந்தக் காலேஜ்ல அந்தப் பொண்ணு இருக்குமா? அம்மா அம்மான்னு கத்துமே?"

"இருக்காது."

"அப்ப போ" என்றாள்.

நான் போனேன். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டில்தான் ரகசியம் பேச வழியில்லாமல் போய்விட்டது. யார் குரலைத் தாழ்த்தி இங்கிலீஷுக்குத் தாவினாலும், எந்த அறையிலிருந்தாவது அறிவிப்பு வந்துவிடுகிறது. சொந்தக்காரர்களுக்கும் இது பழகிவிட்டது. கணவரின் ஒன்றுவிட்ட தம்பி, தன் மனைவியிடமே அதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான்.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண விருந்து. அண்ணியும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிர் வரிசையில் யாழினி. பெண்ணின் அம்மா எல்லோரையும் விசாரித்துக்கொண்டே எங்களிடம் வந்தார். அண்ணி என் பக்கம் சாய்ந்து, "பாயசம் வெரி வாட்டரி" என்று முணுமுணுத்தார்.

"அத்தை, இங்கிலீஷ்!"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பெண்ணின் அம்மா, "என்னங்க, குழந்தை என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

அண்ணி கொஞ்சமும் அசரவில்லை. "ஒண்ணுமில்லீங்க. பாயசம் பிரமாதம், அத்தைக்கு இன்னும் போடச் சொல்லுது" என்றார்.

பெண்ணின் அம்மா மனசு குளிர்ந்து, வாளியைத் தன் கையிலேயே வாங்கி, இலை வழிய வழிய ஊற்றினார். அண்ணி அதை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.